பின் டயருக்கு மேலே மூன்று விரல்

போடிநாயக்கனூர்
8-1-1984

அன்பு மாமாவுக்கு,

நலம் விசாரிப்பதெல்லாம் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் வண்டி.

வண்டியை விற்கச் சொல்லி நீங்கள் எழுதிய கடிதத்தைப் பெரிய மாமாவே கொண்டுவந்து வாசித்துக் காட்டினார். உங்கள் அண்ணன் உக்கிரபாண்டிக்குக் கடிதம் கிடைத்தால் போதும், ரேடியோவில் செய்தி வாசிப்பது போல நிறுத்தி நிறுத்தி வாசிப்பார். "பங்குனி முடிவதற்குள் தள்ளிவிட வேண்டியது" என்ற இடத்தில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். அழுவேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. எனக்குக் கோபம்தான் வந்தது. கட்டின பெண்டாட்டி எனக்கு ஒரு வரி எழுதக் கூடாதா? நீங்கள் மஸ்கட் போன இந்த ஒன்றரை வருஷமாக அந்தப் பிக்கப்பைக் கட்டி மேய்ப்பது யார்? ஸ்டியரிங் பிடிப்பது ஒச்சப்பன் அண்ணன் என்றாலும், லோடு பிடிப்பதும் டீசல் பார்ப்பதும் எஸ்டேட் கணக்கப்பிள்ளைகளிடம் மல்லுக்கட்டுவதும் நான்தானே.

நடந்தது உண்மைதான், மறைக்கவில்லை. முழு லோடோடு மெட்டு மலை ரோட்டில் ஏறினால் லோடு தாங்குகிற பின்பக்கப் பலகை இறங்கி டயரில் உரசுகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் புகை வருகிறது. கார்த்திகையில் ஒரு டயர் வெடித்தது, மார்கழியில் ஒன்று. இரண்டாவது முறை வெடித்தபோது ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்கள் பதினொரு பேர் மேலே உட்கார்ந்திருந்தார்கள். புண்ணியத்துக்கு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர்களில் மருதாயி மட்டும் இறங்கி நின்று என்னையும் வண்டியையும், அங்கே இருக்கிற உங்களையும் சேர்த்து ஏசித் தீர்த்தாள்.

ஆனால் மாமா, இது தீர்க்க முடிகிற கோளாறு! காலி வண்டியில் டயருக்கும் பலகைக்கும் நடுவே ஐந்து விரல் இடம் இருக்கிறது. நானே கையை விட்டுப் பார்த்தேன். லோடு ஏற்றினால் ஒரு விரல்தான், வளைவில் அதுவும் இல்லை. போன இடத்தை மீட்டுவிட்டால் வண்டி ராஜா மாதிரி ஏறும். பங்குனி வரைக்கும் விடுங்கள். முழு லோடோடு உரசாமல் மெட்டு ஏற்றிக் காட்டுகிறேன். முடியாவிட்டால் நானே சாவியைப் பெரிய மாமா கையில் கொடுத்துவிடுகிறேன். நீங்கள் மெக்கானிக். கோபத்தை ஒதுக்கி வைத்துவிட்டு வழி சொல்லுங்கள்.

இங்கே எல்லோரும் நலம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

உங்கள்
சந்திரவல்லி

*

மஸ்கட்
25-1-1984

அன்பான சந்திராவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. பட்டறையில் நின்றபடியே பிரித்ததில் கிரீஸ் பட்டு இரண்டு வரி அழிந்துவிட்டது. அழிந்த இடத்திலும் என்னைத் திட்டித்தான் இருப்பாய் என்று விட்டுவிட்டேன். அண்ணனுக்கு முதலில் எழுதியது தப்புதான். உனக்கு எழுதினால் ஒத்துக்கொள்ள மாட்டாய் என்று தெரியும்.

பதினொரு பேர், சந்திரா. அதை அண்ணன் கடிதத்தில் வாசித்து மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் பக்கத்தில் இருந்தால் வேறு. நான் இல்லாமல் அந்த வண்டி நமக்கு வேண்டாம்.

கேட்டுவிட்டாய், அதனால் சொல்கிறேன். சுருளிவேல் பட்டறையில் வண்டியை விட்டு, பின் ஸ்பிரிங்கில் பக்கத்துக்கு ஒரு பட்டை கூடுதலாகப் போடச் சொல். பழைய பட்டைகள் தட்டையாகிப் போயிருக்கும். பழுக்கக் காய்ச்சி வளைவு ஏற்றச் சொல். முதல் நடை போய் வந்ததும் போல்ட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும், மறந்துவிடாதே. சின்ன டயர் மாட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதே. எஸ்டேட் பாதையில் வண்டியின் அடிவயிறு கல்லில் தட்டும்.

ஒன்று மட்டும் கண்டிப்பு. லோடு அடுக்குகிற முறையில் கை வைக்காதே. எஸ்டேட்டின் மேல் ஸ்டோருக்குப் போகிற வேப்பம்பிண்ணாக்கு கேபினை ஒட்டி முன்னால். வழியில் முதலில் இறங்குகிற கீழ் ஸ்டோர் அரிசி கடைசியாக ஏறி, வால் பக்கம். அப்போதுதான் சுமை இறக்குகிறவர்கள் தரையில் நின்றபடியே தோளில் வாங்கலாம், அரிசி மூட்டையை ஒருவர் காலும் மிதிக்க வேண்டியதில்லை. அந்த முறையை நான் கொண்டுவந்த பிறகுதான் கீழ் ஸ்டோர்க்காரர்கள் வேறு வண்டி தேடாமல் நம்மிடமே நின்றார்கள்.

இவ்வளவும் செய்தாலும் விற்பது விற்பதுதான். பட்டை போட்ட வண்டி என்றால் வாங்குகிறவனும் நம்மை வாழ்த்துவான்.

சாப்பிடுகிறேன். இங்கே கிடைக்கிற மீன் நன்றாக இருக்கிறது, வைக்கிற குழம்புதான் சரியில்லை.

அன்புடன்
காசிமாயன்

*

போடிநாயக்கனூர்
10-2-1984

அன்பு மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே சுருளிவேல் பட்டறைக்குப் போய்விட்டேன்! நீங்கள் சொன்ன அதே வைத்தியத்தைத்தான் செய்திருக்கிறோம். பக்கத்துக்கு ஒரு பட்டை, பழைய பட்டைக்கு வளைவு. கடிதத்தை வாசித்துவிட்டு வீட்டுக்குள் குதித்தேன். மஸ்கட்டுக்கும் போடிக்கும் நடுவே கடல் இருந்தாலும் ரெண்டு பேர் மூளையும் ஒரே பட்டறையில்தான் வேலை செய்கிறது.

ஆனால் கூத்தைக் கேளுங்கள். முழு லோடோடு நின்ற இடத்தில் இப்போது இரண்டு விரல் இடம். ஒரு விரல் மிச்சம் பிடித்துவிட்டோம் என்று எல்லோருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தேன். மெட்டு ரோட்டில் நாலாவது வளைவு, மறுபடியும் டயர் கருகுகிற நாற்றம். திரும்பி வரும்போதோ காலி வண்டி வெள்ளாட்டுக் குட்டி மாதிரி துள்ளுகிறது. மருதாயியின் தூக்குவாளி பறந்துபோய் ஓடைக்குள் விழுந்தது. அவள் ஏசியதை எழுத இந்தத் தாள் போதாது.

அடுத்தபடியாக, பலகையையே உயர்த்திவிடலாம் என்று எனக்கு ஒரு யோசனை. வண்டியின் அடிச்சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே நாலு அங்குலத் தேக்குக் கட்டை கொடுத்துப் பூட்டினோம். டயருக்கு மேலே தாராளமான இடம்! மலையடிவாரத்து முந்தலைத் தாண்டி நானும் முன்னால் உட்கார்ந்து போனேன். முதல் வளைவிலேயே வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஒச்சப்பன் அண்ணன் ஓரங்கட்டி இறங்கிவிட்டார். "தாயி, இது வண்டியில்ல, தேரு. சாஞ்சா வடம் பிடிக்க ஆள் கெடையாது. மொதல்ல கட்டையக் கழட்டு, பெறகு நான் ஏறுறேன்" என்றார். அவர் சொன்னது நியாயம். கழற்றிவிட்டோம்.

இனி உங்களுக்குச் சிரிப்பு வரப்போகிறது. ஓடுகிற வண்டிக்கு அடியில் குனிந்து, எந்த இடத்தில் எவ்வளவு உரசுகிறது என்று யார் பார்ப்பது? பழைய புளியை நாலு விரல் கனத்துக்கு உருட்டி, டயருக்கு நேர் மேலே பலகையின் அடியில் அப்பிவிட்டேன். டயர் எவ்வளவு மேலே வருகிறதோ அவ்வளவு புளியை அது செதுக்கிக்கொண்டு போய்விடும். மிச்சம் நிற்கிற புளியின் கனம்தான் டயருக்கு மேலே மிச்சம் இருக்கிற இடம். எப்படி? முந்தலில் இறங்கிப் பார்த்தேன், இரண்டு விரல் புளி இருந்தது. இரண்டாம் வளைவில் ஒரு விரல். நாலாம் வளைவில் வெறும் கறைதான்.

ஆக, சமதளத்தில் இருக்கிற இடம் ஏற்றத்தில் காணாமல் போகிறது. ஏன் என்று கண்டுபிடிக்காமல் விடமாட்டேன். எனக்கு இப்போது சோறு தண்ணீர்கூட இரண்டாம்பட்சம்தான்.

உங்கள்
சந்திரவல்லி

*

மஸ்கட்
22-2-1984

சந்திராவுக்கு,

புளிச் சமாசாரத்தை அறையில் சத்தம்போட்டு வாசித்துவிட்டேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும். இரண்டு நாளாக எல்லோரும் என்னை ரசவண்டிக்காரன் என்று கூப்பிடுகிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

உள்ளபடி சொல்கிறேன். ஏற்றத்தில் பாரம் பின்னால் சரிவது இயற்கை. அதற்கு வைத்தியம் கிடையாது. பட்டையும் போட்டுவிட்டாய், கட்டையும் கொடுத்துப் பார்த்துவிட்டாய், போதும். அண்ணன் கம்பத்தில் வாங்குவதற்கு ஆள் பார்த்துவிட்டார். பங்குனி இருபதாம் தேதி வண்டியைப் பார்க்க வருகிறார்கள். அவர்கள் எதிரில் புளி கிளி என்று பேசிக்கொண்டிருக்காதே.

நீ வண்டிக்கடியில் படுத்து எழுந்திரிப்பதாக அண்ணன் எழுதியிருக்கிறார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

காசிமாயன்

*

போடிநாயக்கனூர்
6-3-1984

அன்பு மாமாவுக்கு,

கண்டுபிடித்துவிட்டேன்! மாமா, கண்டுபிடித்துவிட்டேன்! வண்டியை விட்டு இறங்கிய கையோடு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிவராத்திரிக்கு எஸ்டேட் சனம் முழுக்கக் குலசாமி கும்பிட மலையை விட்டு இறங்கியது உங்களுக்குத் தெரியும். மூன்றாம் தேதி நம் வண்டியில் திரும்பிப் போனார்கள். கீழ் ஸ்டோர்க்காரர்கள் மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டதால் அது பூட்டிக் கிடந்தது. அவர்களுடைய அரிசியையும் மேல் ஸ்டோரிலேயே இறக்கச் சொல்லிவிட்டார்கள். எல்லாச் சரக்கும் ஒரே இடத்தில் இறங்குகிறது என்றால் முறை எதற்கு? சுமை ஏற்றுகிற சோணை, கைக்கு முதலில் வந்த அரிசி மூட்டை பத்தையும் கேபினை ஒட்டி அடுக்கிவிட்டான். பிண்ணாக்கு எட்டும் அதற்குப் பின்னால். அதே மூட்டைகள், அதே பதினொரு பெண்கள், ஒரு கிலோ கூடவில்லை, குறையவில்லை. நான் வழக்கம் போலப் புளியை அப்பிவிட்டு முன்னால் ஏறி உட்கார்ந்தேன்.

நாலாம் வளைவில் நாற்றம் இல்லை. ஒச்சப்பன் அண்ணன் என்னைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன். எட்டாம் வளைவில் இல்லை. பத்தாவதில் என்னால் பொறுக்க முடியவில்லை. "நிப்பாட்டுங்கண்ணே" என்று குதித்து ஓடிப் போய்ப் பார்த்தால், இரண்டு விரல் புளி சொச்சத்தோடு குந்திக்கொண்டிருக்கிறது! நான் போட்ட சத்தத்தில் மருதாயி மறுபடி டயர் வெடித்துவிட்டது என்று நினைத்துக் கீழே குதித்துவிட்டாள்.

ஒரு தடவை நடந்தால் அதிர்ஷ்டம் என்பீர்கள். மறுநாள் வேண்டுமென்றே உங்கள் முறைப்படி அரிசியை வால் பக்கம் ஏற்றிப் போனேன். நாலாம் வளைவில் புளி காலி. நேற்று மறுபடி அரிசி முன்னால். புளி பத்திரம்.

எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் இவ்வளவு நேரம் சுற்றி வருகிறேன். கோளாறு பட்டையில் இல்லை, டயரில் இல்லை. நீங்கள் கொண்டுவந்த முறையில்தான் இருக்கிறது. வண்டியின் பலகை பின் சக்கரத்தைத் தாண்டி மூன்று அடி நீண்டு கிடக்கிறது. அந்த மூன்று அடியில்தான் இருப்பதிலேயே கனமான அரிசியை வைத்தோம். தண்ணீர்க் குடத்தை இடுப்போடு ஒட்டி வைத்தால் ஒரு கனம். அதையே கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு மேடேறச் சொன்னால்? தோள் இற்றுப்போகும். வண்டிக்கும் அதுதான்.

ஆனால் உங்கள் முறையை நான் தூக்கி எறியவில்லை. பிண்ணாக்கு மூட்டைகளை முன்னால் கீழ் வரிசையாகப் பரப்பி, மேலே தார்ப்பாய் விரித்து, அதற்கு மேலே அரிசி. முதலில் இறங்குவது இப்போதும் கடைசியாகத்தான் ஏறுகிறது. பின்னால் ஏறியது மேலே ஏறுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். இறக்குகிறவன் பிண்ணாக்கு மேல்தான் நிற்பான், அரிசியில் கால் படாது. பெண்கள் நடுவில். வால் பக்கம் காலிக் கூடைகள் மட்டும். இன்றைக்குக் கீழ் ஸ்டோர்க்காரர்களும் திரும்பி வந்து, இந்த மாதிரியே ஏற்றி, இந்த மாதிரியே இறக்கினோம். சுருளிவேல் போட்ட பட்டை கொடுத்தது ஒரு விரல். இடம் மாற்றியது கொடுத்தது இரண்டு விரல். ஆகமொத்தம் பதினேழு வளைவும் ஏறி முடித்த பிறகு மூன்று விரல்!

இனி எதற்கு விற்க வேண்டும்? பெரிய மாமாவுக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள்.

உங்கள்
சந்திரவல்லி

*

போடிநாயக்கனூர்
3-4-1984

அன்பு மாமாவுக்கு,

என் மாசிக் கடிதத்துக்கு இதுவரை பதில் இல்லை. தபால் தாமதமா, கோபமா? உங்கள் முறையைக் குறை சொன்னது மனதில் தைத்துவிட்டதென்றால் வாய்விட்டுத் திட்டிவிடுங்கள். சும்மா இருக்காதீர்கள்.

நேற்று கம்பத்துக்காரர் வந்தார். பெரிய மாமா வெள்ளை வேட்டி சட்டையோடு அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் ஒரே பேச்சாகச் சொன்னேன்: "வண்டிய நிப்பாட்டி வச்சுப் பாத்தா என்ன தெரியும்? லோடோட மெட்டு வரைக்கும் வாங்க. ஒரசுனா சாவி ஒங்க கையில." இரண்டு பேரும் ஏறிக்கொண்டார்கள்.

பெரிய மாமாவை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! முதல் இரண்டு வளைவு வரைக்கும் கேபினில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். மூன்றாவதில் இறங்கி எட்டிப் பார்த்தார். ஆறாவதில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்ணில் முழங்கால் போட்டார். பதினோராவதில் ஒச்சப்பன் அண்ணன் நிறுத்துவதற்கு முன்பே கதவைத் திறந்துவிட்டார். மெட்டில் வண்டிக்கடியில் தலையை விட்டபடி, "ஏத்தா சந்திரா, புளி வச்ச மாதிரியே இருக்குத்தா! கொழம்பு வைக்கலாம் போலயே!" என்று அவர் கத்தியதில் செக்போஸ்ட்காரர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். வேட்டி பூராவும் செம்மண். பெரிய அத்தை என்ன சொன்னார்களோ தெரியாது.

சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் என் முட்டாள்தனம் புரிந்தது. மேடு ஏறாத வண்டி என்று அரைமனதாக வந்த கம்பத்துக்காரர், "இம்புட்டு நல்லா ஏறுற வண்டிய விடுவேனா? இன்னைக்கே கொண்டு போறேன்" என்று நிற்கிறார்! நானே பாடுபட்டு, நானே ஆசை காட்டி, நானே தூக்கிக் கொடுக்கிற மாதிரி ஆகிவிட்டது. சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

பெரிய மாமா என் முகத்தைப் பார்த்தார். பிறகு அவரிடம், "வண்டி தம்பியோடது. தம்பி வாயால ஒரு சொல் வரட்டும். ரெண்டு வாரம் பொறுங்க" என்றார். இந்த முறை அவர் ரேடியோ மாதிரிப் பேசவில்லை.

சொன்னபடி ஏற்றிக் காட்டிவிட்டேன், மாமா. இனி உங்கள் சொல்தான். கடிதம் வேண்டாம், தந்தி கொடுங்கள். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே வாசலுக்கு ஓடுகிறேன்.

உங்கள்
சந்திரவல்லி

*

மஸ்கட்
14-4-1984

அன்பான சந்திராவுக்கு,

தந்தி இதற்குள் கிடைத்திருக்கும். விற்க வேண்டாம். அண்ணனுக்கும் தனியாக எழுதிவிட்டேன். வண்டி இனி உன் பொறுப்பு, யாரும் உன்னைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது என்று.

உன் மாசிக் கடிதம் எனக்கு நேரத்துக்குத்தான் வந்தது. பதில் எழுதாமல் இருந்தது நான்தான். குடம் கதையை வாசித்ததும் நீ சொல்வது சரி என்று புரிந்துவிட்டது. பத்து வருஷம் வண்டிக்கடியில் கிடந்தவன் நான். எனக்கு ஏன் அது தோன்றவில்லை என்று வெட்கமாக இருந்தது. ஆனால் பதில் எழுதாததற்கு அது மட்டும் காரணம் இல்லை. சொன்னால் சிரிப்பாயோ, அருவருப்பாயோ தெரியவில்லை, சொல்லிவிடுகிறேன்.

வண்டி உரசுகிறது என்று அண்ணன் முதலில் எழுதியபோது பயந்தேன். அந்தப் பயத்துக்குள்ளே ஒரு சின்னச் சந்தோஷமும் இருந்தது. பார், நான் இல்லாமல் அது ஏற மாட்டேன் என்கிறது என்று. அதனால்தான் விற்றுவிடு என்று அவசரப்பட்டேன் போலிருக்கிறது. நான் ஓட்டாத வண்டி ஓடவே வேண்டாம் என்று உள்ளே ஒரு கெட்ட புத்தி. இப்போது அது பதினேழு வளைவும் ஏறுகிறது. ஓட்ட ஒச்சப்பன் இருக்கிறான். பட்டை பார்க்க சுருளிவேல். மற்ற எல்லாவற்றுக்கும் நீ. எனக்கு அங்கே என்ன வேலை மிச்சம் இருக்கிறது, சந்திரா?

வைகாசியோடு என் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள். காகிதம் தலைமாட்டில் இருக்கிறது. போட்டுவிடலாம் என்றுதான் நினைக்கிறேன். நீயும் யோசித்து எழுது.

நீ கெட்டிக்காரி. அதை நான் முன்பே எழுதியிருக்க வேண்டும்.

அன்புடன்
காசிமாயன்

*

போடிநாயக்கனூர்
27-4-1984

மாமா,

பேனாவைக் கீழே வையுங்கள்.

தந்தி வந்த அன்றைக்குத் தெரு முழுக்கக் கேட்கும்படி சிரித்தேன். இந்தக் கடிதம் வந்த அன்றைக்கு அழுதேன். இப்போது இரண்டும் சேர்ந்து வருகிறது, அதனால் சுருக்கமாகவே எழுதுகிறேன். வண்டி ஏறவில்லை என்றால் நீங்கள் வந்து நிற்பீர்கள் என்று எனக்குத் தெரியும். இரண்டு டயர் வெடித்தபோதும் அந்த ஆசை எனக்கும் வந்தது. ஆனால் அப்படி வருகிற ஆள் வண்டிக்காக வந்தவர்தானே? எனக்காக வந்தவர் எப்படி ஆவார்?

வந்து என்ன செய்வேன் என்று கேட்கிறீர்கள். ஒன்றும் செய்ய வேண்டாம். முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து வாருங்கள். நான் நீட்டி நீட்டிச் சொல்வதையெல்லாம் கடிதமாக வாசிக்காமல் காதால் கேளுங்கள். சண்டை போடுங்கள், மீன் குழம்பு கேளுங்கள்.

வண்டிக்கு ஆள் இருக்கிறது, மாமா. எனக்குத்தான் இல்லை. கிளம்பி வாங்க.

சந்திரா